ஞாயிற்றுக்கிழமைச் சர்க்கரை

கழிவுநீர் நிலையத்தில் அவருக்குப் பெயர் வோல்ட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு அவர் சைக்கிளை நிறுத்தும்போது காவலாளி கேட்கிற முதல் கேள்வி, "என்ன வோல்ட்டு, பிள்ளைங்க இன்னிக்கு எவ்வளவு?" என்பதுதான். அவரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே தலையை நீட்டி ஒப்பிப்பார். "நாலு நாப்பது, நாலு அம்பது. ஒன்பதாம் நம்பர் மட்டும் முறைச்சிக்கிட்டு நிக்குது."

பிள்ளைகள் என்பது பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வாளி அளவு. உள்ளே சாம்பல் நிறத்தில் கழிவுநீர். அதற்குள் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, கரி நாரால் செய்த ஒரு கறுப்புத் தண்டு. தண்டின் மேல் வழவழவென்று ஒரு படலம். அந்தப் படலம் முழுக்க உயிர்; கண்ணுக்குத் தெரியாத, கோடிக்கணக்கான உயிர். அவை அழுக்கைத் தின்கின்றன. தின்னும்போது எலெக்ட்ரான்களை வெளியே தள்ளுகின்றன. காற்று இருந்தால் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொண்டுவிடும். பெட்டிக்குள் காற்று இல்லை, அதனால் கரித்தண்டு வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு கம்பி வெளியே வந்து, காற்று படுகிற இன்னொரு கரித் தகட்டுக்குப் போகிறது. அந்தக் கம்பியில் ஓடுவதுதான் மின்சாரம். பெட்டிக்கு நானூற்று நாற்பது மில்லிவோல்ட், அதாவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. பன்னிரண்டையும் சேர்த்தால் ஒரு சின்னக் கருவி கண் விழித்திருக்கும். அவ்வளவுதான். "ஒரு ஃபேன் ஓடுமா?" என்று கேட்கிறவர்களிடம் வோல்ட்டு சொல்வார்: "கொசுவுக்கு ஃபேன் வேணும்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணலாம்."

இந்த அறைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவர் சல்லடையில் நின்றார். நிலையத்துக்குள் கழிவுநீர் நுழையும் இடத்தில் இரும்புக் கம்பிகளாலான ஒரு தடுப்பு உண்டு. அதில் சிக்குகிற துணி, முடி, பிளாஸ்டிக், ஒருமுறை ஒரு முழு செருப்பு ஜோடி, எல்லாவற்றையும் நீண்ட கைப்பிடி வைத்த வாரியால் இழுத்துக் கரையில் போட வேண்டும். வீட்டுக்குப் போனால் பின்வாசல் வழியாக நேராகக் குளியலறை. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். அதனால்தான் சைக்கிள் வாங்கினார். மனைவியிடம் மட்டும் "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவைத்தார்.

நாலைந்து மாதம் முன்பு ஆராய்ச்சிக்காரம்மா ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து பன்னிரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். நாற்பது வயசிருக்கும். நடப்பது ஓடுவது மாதிரி இருக்கும்; பேசுவது அதைவிட வேகம். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் யாரை அனுப்பினால் வேலை கெடாது என்று யோசித்து, முழங்கால் வலி என்று அடிக்கடி விடுப்பு கேட்கிற இவரை அனுப்பினார். இவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு மேசை, ஒரு மீட்டர், கோடு போட்ட ஒரு பெரிய நோட்டு. வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டியபோது, தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த அவர் நிமிர்ந்து பார்த்து, "தோள்ல ரெண்டு இஞ்ச் புடிக்கணும்" என்று சொல்லி அன்றைக்கே பிடித்தும் கொடுத்தார்.

வேலை எளிது. தினமும் பெட்டிகளுக்குப் புதுக் கழிவுநீர் ஊற்ற வேண்டும். காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் மீட்டரில் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வேறு எதுவும் செய்யக் கூடாது. ஆராய்ச்சிக்காரம்மா இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சிக்கல் வார இறுதியில்தான் வந்தது. நிலையத்துக்கு வரும் கழிவுநீரில் பெரும் பங்கு தொழிலாளர் விடுதிகளிலிருந்து. நாலு பெரிய கட்டிடங்கள். வெள்ளிக்கிழமை மாலை அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சமையல் இல்லை, பாத்திரம் கழுவுவது இல்லை. சனி மதியத்துக்குள் வருகிற தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிந்துவிடும். மற்றவர்களுக்கு அது சந்தோஷம். பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு அது பட்டினி.

பெட்டிகள் வந்த புதிதில், கணக்கு எழுதத் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, வோல்ட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்நூறு. இருநூற்று எழுபது. இருநூற்றுப் பத்து. கடைசி எண் நிற்காமல் துடித்துக்கொண்டே இறங்கியது. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சாப்பாடு தள்ளிப்போனால் பதினொரு மணிக்கு விரல் அப்படித்தான் நடுங்கும். நாக்கு வறளும், கண் இருட்டும். அதற்காகவே சட்டைப் பையில் ஒரு மிட்டாய் வைத்திருப்பார். அன்றைக்கு அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதுகளுக்குச் சட்டைப் பை கிடையாது.

அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரை வந்தது. பெட்டிக்கு ஒரு கரண்டி, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து. சனி மாலை ஒரு தரம், ஞாயிறு காலை ஒரு தரம். எண் இறங்கவில்லை. நாலு முப்பது, நாலு நாற்பது என்று தெம்பாக நின்றது. அவர் மனசும் நின்றது. அதை நோட்டில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பசிக்குப் போட்டதை யாராவது எழுதிவைப்பார்களா?

நாலு மாதம் இப்படிப் போயிற்று. இரண்டு வார இறுதிகள் மட்டும் அவர் வரவில்லை. ஒருமுறை காய்ச்சல். இன்னொருமுறை தங்கை வீடு மாற்றினாள், பீரோ தூக்கப் போயிருந்தார். அந்த நாட்களில் காவலாளி மீட்டரைப் பார்த்து எழுதினார். எழுதியது இருநூற்றுச் சொச்சம். ஆராய்ச்சிக்காரம்மா அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, "இவருக்கு மீட்டர் பாக்கத் தெரியல" என்று இரண்டு வரிகளையும் பென்சிலால் அடித்தார். காவலாளி முகம் சுருங்கிப்போனார். வோல்ட்டு பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் வேறு ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. "டப்பால சர்க்கரை எப்படிங்க குறையுது?" என்று மனைவி கேட்டார். "நான் டீ குடிக்கிறதில்ல. நீங்க குடிக்கக் கூடாது. எறும்பு மூட்டை கட்டி எடுத்துட்டுப் போகுதா?"

"எனக்கென்ன தெரியும்?"

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கால் விரல் போயிடும்னாரு. திருட்டுத்தனமா திங்கிற வயசா இது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சர்க்கரை தின்கிற ஆள் என்ற பழியோடு இருப்பது, கிருமிக்குச் சர்க்கரை போடுகிற ஆள் என்று விளக்குவதைவிடச் சுலபமாக இருந்தது.

ஒரு திங்கள்கிழமை ஆராய்ச்சிக்காரம்மா கையில் பெரிய தாள் சுருளோடு வந்தார். முகம் பூராவும் சிரிப்பு. தாளைச் சுவரில் விரித்து, "இந்தப் பக்கம் புடிங்க" என்றார். வோல்ட்டு பிடித்தார். தாளில் ஒரு கோடு, நாலு மாதத்துக்கு நேராக ஓடியது.

"பாத்தீங்களா? உங்க பிள்ளைங்க பண்ணின காரியம். வார நாள்ல சாப்பிட்டதை உள்ளயே சேத்துவெச்சுக்குதுங்க. சனி ஞாயிறு சாப்பாடே இல்லாட்டியும் அசையல. இப்படி யாரும் காட்டினது இல்ல. வியாழக்கிழமை கூட்டத்துல இதைத்தான் சொல்லப்போறேன்."

"எதுக்கு மேடம் கூட்டம்?"

"குழிக்குள்ள எச்சரிக்கைக் கருவி வைக்கிறதுக்கு. விஷவாயு வந்தா அலறும்ல, அது. குழியில கரண்ட் லைன் போடக் கூடாது, தீப்பொறி பட்டா ஆபத்து. பேட்டரி போட்டா மாத்த ஆள் மறந்துடறாங்க. நம்ம பெட்டின்னா அங்கயே கிடைக்கிற அழுக்கைத் தின்னுக்கிட்டு அதுபாட்டுக்கு ஓடும். முதல்ல வார இறுதிக்குன்னு ஒரு சேமிப்பு பேட்டரி போட்டிருந்தேன். இப்ப அது தேவையில்லைன்னு எடுத்துட்டேன்." வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது.

"எந்தக் குழியில மேடம் முதல்ல?"

"மூணாம் நம்பர். உங்க ஆளுங்க அதுலதான் அடிக்கடி இறங்கறாங்களாமே?"

வோல்ட்டு பிடித்திருந்த முனை கையிலிருந்து நழுவியது. தாள் சுருட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்காரம்மாவின் மூக்கில் போய் இடித்தது.

மூன்றாம் நம்பர் பம்ப் குழியில் இறங்குகிற நாலு பேரில் ஒருவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. எல்லோரும் அவனைப் பாதாளம் என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, காற்று ஊதும் இயந்திரத்தை ஓடவிட்டு, கைமீட்டரால் வாயு சோதித்துவிட்டு இறங்குவார்கள். கைமீட்டர் பாதி நாள் ரிப்பேருக்குப் போயிருக்கும். குழி சுத்தம் செய்ய அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் ஞாயிறு. ஏனென்றால் அன்றைக்குத்தான் வரத்து குறைவு. தண்ணீர் தெளிவாக இருக்கும். பெட்டிகள் பட்டினி கிடக்கும். எந்த நாளில் ஆள் கீழே இருக்கிறானோ அதே நாளில் தலைக்கு மேலிருக்கும் கருவி செத்திருக்கும்.

அன்று மதியம் வெயிலில் நடந்து மூன்றாம் குழிக்குப் போனார். பாதாளம் குழி ஓரம் உட்கார்ந்து கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, கோட்டு கசங்கிடும், இங்க எல்லாம் வரலாமா?"

"மாப்ள, புதுக் கருவி வருதாமே?"

"ஆமா. அது வந்துட்டா இந்த ஓட்டை மீட்டரைத் தூக்கிக் குழியிலயே போட்டுடப் போறோம். எல்லாம் உங்க பிள்ளைங்க புண்ணியம்." அவன் சிரித்தான். "நான் பசங்ககிட்ட சொல்லிட்டேன், மாமா வளத்த புள்ளைங்க, நம்மளக் கைவிடாதுன்னு."

வோல்ட்டு ஏதோ முனகிவிட்டுத் திரும்பினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சொன்னால் இந்த நாற்காலி போகும், கோட்டு போகும். மறுபடி சல்லடை. மறுபடி பின்வாசல். ஆராய்ச்சிக்காரம்மாவின் நாலு மாத உழைப்பும் போகும், அதுவும் கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது. சொல்லாவிட்டால்? ஞாயிறு தோறும் மூன்றாம் குழிக்கும் போய்ச் சர்க்கரை போட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். பதினைந்து குழிகளுக்கு வைக்கப்போவதாகப் பேச்சு. எத்தனை கரண்டி?

மாலை வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியின் தையல் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "சர்க்கரை எடுத்தது நான்தான்" என்றார்.

"அது தெரிஞ்ச கதைதானே."

"நான் திங்கல. பெட்டியில போட்டேன்."

மனைவி மிதியை நிறுத்தினார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு தடவை சிரிப்பு வந்தது. "நாலு மாசமா உங்க கால் விரலை எண்ணிக்கிட்டிருக்கேன், இது தெரியாம!" என்றார். பிறகு குழி, ஞாயிறு, தம்பி என்று பேச்சு போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என் தம்பி இறங்கற குழியா?"

"ம்."

"அவன் இல்லாம வேற எவனாவது இறங்கினா மட்டும் சொல்லாம இருந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். அதுதான் மதியத்திலிருந்து அவரைக் குடைந்த கேள்வி. "தெரியல" என்றார்.

"காலைல போய்ச் சொல்லுங்க. சல்லடைக்கு அனுப்பினா அனுப்பட்டும். பின்வாசல் இன்னும் அங்கதான் இருக்கு. நான் சோப்பு வாங்கிவைக்கிறேன்."

செவ்வாய் காலை, ஆராய்ச்சிக்காரம்மா மடிக்கணினியைத் திறப்பதற்குள் வோல்ட்டு சொல்லிவிட்டார். முன்னுரை எதுவும் இல்லை. "மேடம், அதுங்க பசி தாங்கல. நான் சர்க்கரை போட்டேன்."

முதலில் ஆராய்ச்சிக்காரம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். "எவ்வளவு?"

"பெட்டிக்கு ஒரு கரண்டி. சனி மாலை, ஞாயிறு காலை."

"ஒவ்வொரு வாரமுமா?"

"நான் வராத ரெண்டு வாரம் இல்ல."

"எந்த ரெண்டு வாரம்?"

"காய்ச்சல் வந்ததும், தங்கச்சி வீடு மாத்தினதும். காவலாளி எழுதினாரே."

ஆராய்ச்சிக்காரம்மா நோட்டைப் புரட்டினார். பென்சிலால் அடித்த இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்தார். நாலு மாதத்தில் வந்த உண்மையான வார இறுதிகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் தன் கையாலேயே அடித்திருந்தார்.

"ஏன் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது வோல்ட்டுக்கு.

"நடுங்கிச்சு மேடம். பாக்க முடியல."

ஆராய்ச்சிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண் நேரா நின்னதும் எனக்குச் சந்தோஷமாப் போச்சு. ஏன் நிக்குதுன்னு நானே ஒரு தடவை ஞாயித்துக்கிழமை வந்து பாத்திருக்கணும். வரல." கொஞ்சம் கழித்து, "கோவம் இல்லாம இல்ல. ரொம்ப இருக்கு. அதைப் பிறகு வெச்சுக்கலாம். வியாழக்கிழமை என்ன சொல்றதுன்னு இப்ப யோசிக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஆராய்ச்சிக்காரம்மா எழுந்து, கண்டுபிடிப்பு தப்பு, சேமிப்பு பேட்டரி வேண்டும், எவ்வளவு பெரிசு என்று தெரிய எட்டு வாரம் வேண்டும் என்றார். எப்படித் தப்பானது என்று யாரோ கேட்டார்கள். "பராமரிப்பில் ஒரு குளறுபடி" என்று அவர் ஆரம்பிக்கும்போதே கதவோரம் நின்றிருந்த வோல்ட்டு, "நான்தான் சார், சர்க்கரை போட்டேன்" என்றார். பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, மொத்த அறையும் சிரித்தது. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. "என் சர்வீஸ்ல திருடினவனைப் பாத்திருக்கேன், தூங்கினவனைப் பாத்திருக்கேன். கிருமிக்கு விருந்து வெச்சவனை இப்பத்தான் பாக்கறேன். வெள்ளிக்கிழமையிலேருந்து சல்லடைக்குப் போங்க" என்றார்.

வோல்ட்டு கோட்டை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, முதலில் காவலாளியிடம் போனார். "அண்ணே, உங்க மீட்டரு சரிதான். நான்தான் பேசாம நின்னுட்டேன்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாத்தேன்னு?" என்றார் காவலாளி. அன்று சாயங்காலம்வரை வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

எட்டு வாரக் கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஆள் முழுநாள் உட்கார்ந்து அரைமணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். ஞாயிறு வர யாரும் தயாராக இல்லை. ஆராய்ச்சிக்காரம்மா வோல்ட்டைக் கேட்டார். மேற்பார்வையாளர், "இவரையா? மறுபடியுமா?" என்றார்.

"நீங்க யாரை அனுப்பினாலும் அவங்க எழுதறதை நான் நம்பித்தான் ஆகணும். தன் தப்பைத் தானே வந்து சொன்ன ஆள் இவர் ஒருத்தர்தான் என்கிட்ட இருக்காரு" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. முதல் இரண்டு வாரம் தானும் வந்து கூட உட்காரப்போவதாகவும் சொன்னார். மேற்பார்வையாளர் தோளைக் குலுக்கிக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் சல்லடை, ஞாயிறு அறை என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை கிளம்பும்போது மனைவி அவர் பையைத் திறந்து துழாவினார். சட்டைப் பையையும் பார்த்தார். மிட்டாய் இருந்தது. "இது உங்களுக்கு" என்று மறுபடி உள்ளே போட்டார். "உங்களுக்கு மட்டும்."

அறையில் ஆராய்ச்சிக்காரம்மா ஒரு எச்சரிக்கைக் கருவியைப் பெட்டிகளோடு இணைத்து மேசைமேல் வைத்திருந்தார். அதன் நெற்றியில் பச்சை விளக்கு. அது எரிகிறவரை கருவி விழித்திருக்கிறது என்று அர்த்தம். எட்டு மணிக்கு முந்நூற்று இருபது. பத்து மணிக்கு இருநூற்று எண்பது. வோல்ட்டு எழுதினார். பதினொன்றரைக்கு எண் நடுங்க ஆரம்பித்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சாகாது" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா, மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "திங்கக்கிழமை விடுதிக்காரங்க வந்ததும் எழுந்துக்கும்."

"தெரியும் மேடம். இருந்தாலும்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அவர். சொன்ன பிறகு தானே கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி பேனாவைத் தேடினார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பச்சை விளக்கு மங்கி, ஒருமுறை சிமிட்டி, அணைந்தது. ஆராய்ச்சிக்காரம்மா நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். வோல்ட்டு எழுதினார். பிறகு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

மூன்றாம் குழியில் வேலை நடந்துகொண்டிருந்தது. காற்று ஊதும் இயந்திரம் இரைந்தது. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் கையில் ரிப்பேரிலிருந்து திரும்பிய கைமீட்டர் இருந்தது. வோல்ட்டு குழி வாயில் குனிந்து கத்தினார். "மாப்ள!"

"என்ன மாமா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மேல வா, ஒண்ணு கேக்கணும்."

பாதாளம் ஏணியில் ஏறி, இடுப்புவரை வெளியே வந்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அக்கா சொல்லி அவனுக்கு எல்லாம் தெரியும். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

"அது இப்ப அணைஞ்சுபோச்சு. ரெண்டு பத்து" என்றார் வோல்ட்டு. "இங்க வெச்சிருந்தா இந்நேரம் செத்திருக்கும்."

பாதாளம் குழிக்குள் ஒரு தரம் பார்த்தான். கீழே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வாளி இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது.

"நீங்க எத்தனை மணி வரைக்கும் கீழ இருப்பீங்க? அதுக்குத் தக்கபடிதான் பேட்டரி போடணுமாம்."

"ஆபீஸ்ல மூணு மணின்னு எழுதியிருக்கு."

"மூணுன்னு எழுதிக்கவா?"

பாதாளம் சிரித்துவிட்டான். "நாங்க என்னிக்கு மாமா சொன்ன நேரத்துல மேல வந்திருக்கோம்? பம்ப்புல துணி சுத்திக்கிட்டா அஞ்சு ஆகும். மழை நாள்னா ஆறு."

"அப்ப ஆறு."

"ஆறரைன்னே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி ஏணியில் இறங்கினான்.

வோல்ட்டு குழி ஓரத்திலேயே குந்தி, முழங்காலில் நோட்டை வைத்து, ஆறரை என்று எழுதினார். எழுத்து வரிக்கு வெளியே கொஞ்சம் போயிற்று. படிக்கும்படி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.